எங்கள் குடும்பத்து இரைப்பைகள்

ஜனவரி 9, வியாழன்

இன்று மரச்சுத்தியின் கைப்பிடி முறிந்தது. அடித்துக்கொண்டிருந்தது ஒரு ஓட்டல் சமையலறைக்குப் போகிற புகைபோக்கித் தகடு. ஓரத்தை மட்டும் மடக்கினால் போதும். நான் தகட்டின் நடுவில் போட்டு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முறிந்த துண்டு பறந்துபோய்ப் பட்டறைக் கதவில் மோதிய பிறகுதான் நிறுத்தினேன்.

முதலாளி எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாப்புளி. தலையும் மரச்சுத்தி மாதிரி, பேச்சும் அப்படித்தான். "தகட்ட மடக்கச் சொன்னேம்மா. கொல்லச் சொல்லல" என்றார்.

அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என்னவென்று சொல்ல? என் வயிற்றுக்குள் ஒரு கொலைகாரன் குடியிருக்கலாம், இன்னும் எழவில்லை என்றா?

இங்கேயாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். தாத்தா நாற்பத்து நான்கில் போனார். அப்பா நாற்பத்தொன்றில். அத்தை முப்பத்தாறில். சித்தப்பாவுக்கு இருபத்தொன்பது, கல்யாணம்கூட ஆகவில்லை. எல்லோருக்கும் இரைப்பைப் புற்று. கண்டுபிடித்தபோது எல்லோருக்கும் காலம் கடந்திருந்தது. எனக்கு இப்போது முப்பத்தைந்து. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்பா வழியில் வந்த மரபணுக் கோளாறு எனக்கும் இருக்கிறது.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கட்டியாக வராதாம். இரைப்பையின் சுவருக்கு அடியில் ஈரம் கசிகிற மாதிரிப் பரவுமாம். குழாய் விட்டுப் பார்த்தாலும் தெரியாதாம். "அதனால முழுசா எடுத்துடறது நல்லது" என்றார்.

"எதை?"

"இரைப்பையை."

"அப்புறம் சோறு எங்க போகும்?"

அவர் சிரித்துவிட்டார். குடலை நேராகத் தொண்டைக் குழாயோடு இணைப்பார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு வாழலாமாம். வாழ்கிறவர்கள் இருக்கிறார்களாம். நான் சிரிக்கவில்லை. அவர் மேசையில் இருந்த ரப்பர் வயிற்றை எடுத்து அவர் மூஞ்சியில் எறியலாம் போலிருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

செம்புத் தகடு வாங்கினேன். வேலை முடிந்ததும் பட்டறையின் பின்பக்கம் எனக்கு. கொட்டாப்புளி ஒன்றும் கேட்கவில்லை. நான் சிற்பம் படித்தவள் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் ஒரு வியாதி மாதிரிப் பொறுத்துக்கொள்கிறார்.

மணல் மூட்டை மேல் தகட்டை வைத்து, உருண்டைத்தலைச் சுத்தியால் உள்ளேயிருந்து அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கக் குழிந்து பை ஆகும். ஆனால் செம்பு அடி வாங்கினால் இறுகும். இறுகின பிறகு அடித்தால் கிழியும். அதனால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, மெதுவாக்கி, மறுபடி அடி. மறுபடி நெருப்பு. மறுபடி அடி.

இது எனக்குப் பொருத்தமான வேலை. கத்த முடியாத வீட்டில் வளர்ந்தவளுக்கு இவ்வளவு சத்தம் போட அனுமதி கிடைத்திருக்கிறது.

முதல் பை அப்பாவுடையது. அடிக்கும்போது அவர் கடைசி வாரம்தான் கண்ணில் நின்றது. குளியலறைத் தரையில் மண்டியிட்டு, கருப்பாய், காப்பித்தூள் கலக்கின மாதிரி வாந்தி. பிறகு சிவப்பு. வாளி நிறைய. அம்மா வாளியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். நானும் போனேன். அன்றைக்குப் பரீட்சைகூட எழுதினேன். என்ன எழுதினேன்? யாருக்குத் தெரியும்.

ஒரு இடத்தில் தகடு கிழிந்துவிட்டது. ஒட்டவில்லை. கிழிசல் அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சித்தப்பா முடிந்தார். சின்னப் பை. அடிக்கவே மனம் வரவில்லை, ஆனாலும் அடித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தம்பி வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறாள். நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவது. என்னை அண்ணி அண்ணி என்று உயிரை விடுகிறவள். அவளுக்கு எங்கள் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. அப்பா அல்சரில் போனார், அத்தை ஏதோ காய்ச்சலில் போனாள் – இப்படித்தான் தம்பி சொல்லிவைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் சொன்ன பொய். ஏழு வயசில் மகள் இருக்கும்போதும் அதே பொய்.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன். "ஒரு ஊசி ரத்தம்டா. குடுத்துட்டு வா."

"எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லத் தின்னாலும் செரிக்குது."

"அப்பாவுக்கும் அப்படித்தான் செரிச்சுது."

"ஆரம்பிச்சிட்டியா? உனக்கு வந்துருச்சுன்னு ஊருக்கே வரணுமா?"

கையில் கத்தி இருந்தது. கழுவிக்கொண்டிருந்த கத்தி. அதை மெதுவாகக் கீழே வைத்தேன். நான் மெதுவாக வைத்தது எனக்கே பயமாக இருந்தது.

மார்ச் 5, புதன்

காட்சிக்கூடம் நடத்துகிற பெண்மணி என் பைகளைப் பார்க்க வந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை. பட்டறைக்கு வெள்ளைச் சட்டையில் வருகிற முதல் ஆள் அவர்தான். கொட்டாப்புளி ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்து, அந்தத் துணியாலேயே தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

தாத்தா, அத்தை, அப்பா, சித்தப்பா, நான். ஐந்தும் கம்பியில் தொங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் உளியால் உறவையும் வயதையும் வெட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்னுடையதில் வயது இல்லை.

வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றையும் சுற்றி நடந்தார். பிறகு அத்தையின் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "உள்ள இவ்வளவு கரடுமுரடா இருக்கு" என்றார்.

"உள்ளேயிருந்துதானே அடிச்சது."

மே மாதம் இடம் தருகிறாராம்.

மார்ச் 11, செவ்வாய்

ஆறாவது ஒன்று அடித்தேன். 'தம்பி' என்று வெட்டினேன். வயதுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

செய்திருக்கக் கூடாதோ? அவன் போக மாட்டேன் என்கிறான். அவனுக்காக நான் பயப்படுகிறேன். என் பயத்துக்கு உருவம் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. இல்லை. தெரியவில்லை. அடித்து முடித்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இடது கைச் சுண்டுவிரலில் கட்டு. வலது கையால் எழுத முடிகிறது, அதுவரை லாபம்.

நேற்று மத்தியானம் தம்பி துளைபோடும் மிஷினை இரவல் வாங்க வந்தான். நான் முன்பக்கம் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மிஷின் பின்பக்கம் இருக்கிறது என்று நானே கை காட்டினேன். மறந்தே போனேன் – பின்பக்கம் என்ன தொங்குகிறது என்று.

முதல் சத்தம் கேட்டபோது ஏதோ சரிந்து விழுந்தது என்று நினைத்தேன். இரண்டாவது சத்தத்தில் புரிந்துவிட்டது. பட்டறையில் வேலை செய்கிறவளுக்குச் சம்மட்டிச் சத்தம் தெரியாதா?

ஓடினேன். 'தம்பி' தகடு வைத்து அடிக்கிற இரும்புப் பட்டடையில் கிடந்தது. பை இல்லை, அப்பளம். என்னுடையதைக் கம்பியிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தான். "நான் செத்துட்டேனா? சொல்லுடி, செத்துட்டேனா நான்?" என்று கேட்டுக்கொண்டே அடித்தான். அவன் என்னை 'டி' போட்டுப் பேசியதே இல்லை. சித்தப்பாவை எடுத்தான். அதை விட்டுருடா என்று கத்தினேன். ஒரே அடி.

அவன் முதுகில் பாய்ந்தேன். தோளைக் கடித்தேன், சட்டையோடு. உதறினான். வெட்டு மிஷினின் காலில் போய் விழுந்தேன், விரல் அடியில் மாட்டி நொறுங்கியது. வலி தெரியவில்லை. கைக்குக் கிடைத்த மரச்சுத்தியை எடுத்து அவன் முகத்தைப் பார்த்து வீசினேன்.

முகத்தைப் பார்த்துத்தான். தோளையோ கையையோ குறி வைக்கவில்லை. எழுதிவைக்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லக் கூடாது.

புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடியது. அப்படியும் என் தலைமுடியைப் பிடித்துவிட்டான். இருவரும் தரையில், இரும்புத்தூளில், சின்ன வயசில் தலையணைக்குச் சண்டை போட்ட மாதிரி. ஆனால் இந்தத் தடவை கொல்வதற்கு.

கொட்டாப்புளி தண்ணீர்க் குழாயைத் திறந்து எங்கள் இருவர் மேலும் பீய்ச்சி அடித்தார். "நாய்ச் சண்டைக்கு இதான் வைத்தியம்" என்றார். பிறகு அவரே எங்களை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருவருக்கும் நடுவில் காஸ் சிலிண்டரைப் போட்டு உட்காரவைத்தார்.

தையல் போடுகிற இடத்துக்கு டீச்சர் ஓடிவந்தாள். "என்ன ஆச்சு?"

"மாடிப்படியில விழுந்தேன்" என்றான் தம்பி.

"ரெண்டு பேருமா?"

அவன் இன்னொரு பொய்க்கு வாயைத் திறந்தான். எனக்குத் தாங்கவில்லை. கொட்டிவிட்டேன். தாத்தா, அப்பா, அத்தை, சித்தப்பா, நான், இவன் போகாத ரத்தப் பரிசோதனை. எல்லாம். நர்ஸ் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

டீச்சர் அழவில்லை. "வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பா?" என்றாள்.

"ஆமா."

"அவருக்கு இருந்தா, பாப்பாவுக்கும் பாதி."

"ஆமா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரிசல்ட் வந்து மூணு மாசம்."

"மூணு மாசமா என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கீங்க."

பளார். காது கொய்ங் என்றது. அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்கு ஏற்கெனவே தையல் போட்டுட்டு இருக்காங்க. இல்லன்னா அவருக்குத்தான் முதல்ல விழுந்திருக்கும் அண்ணி."

அப்போதும் அண்ணி.

மார்ச் 24, திங்கள்

வெள்ளைச் சட்டை வந்து நசுங்கிய மூன்றையும் பார்த்தார். கண் விரிந்தது. "இப்படியே வச்சிடலாமே. இதுல ஒரு வேகம் இருக்கு."

"இது நான் செஞ்சதில்ல. அவன் செஞ்சது."

"அதுவும் கதையில ஒரு பகுதிதானே?"

"உங்க வீட்டுல யாராவது உங்கள அடிச்சா அந்தக் காயத்த சட்டகம் போட்டு மாட்டுவீங்களா?"

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாவம், நல்லவர்தான். ஆனால் இந்த வருஷம் நல்லவர்களிடமும் நன்றாகப் பேச எனக்கு வரவில்லை. சித்தப்பாவையும் என்னையும் புதிதாக அடிக்கத் தொடங்கினேன், ஒன்பது விரலோடு. தம்பியுடையதை அடிக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அம்மா பட்டறைக்கு வந்தாள்.

இதுவரை வந்ததில்லை. தம்பியின் புருவத்தைப் பார்த்தபோதும், என் விரலைப் பார்த்தபோதும் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி மட்டும் வைத்துக் கொடுத்தாள். அவளுக்கு இந்த ரத்தம் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள். வந்து, ஒவ்வொருவராகக் கழுவி அனுப்பியவள்.

"எது அவரு?" என்றாள்.

காட்டினேன். கிழிசலைத் தடவிப் பார்த்தாள். கழுத்தில் வெட்டியிருந்ததைப் படித்தாள். முகம் இளகும், அழுவாள், நான் பிடித்துக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன்.

பட்டடை மேலிருந்த சுத்தியை எடுத்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பன் செத்து ஒரு மாசம்தானே ஆச்சு?" அப்பாவிடம் பேசினாள். என்னிடம் இல்லை. "நான் கேட்டேன்ல? எப்படிப் போனாருன்னு கேட்டேன்ல? வயசாயிடுச்சுன்னு சொன்னியே. நாப்பத்து நாலு வயசாடா?"

அடித்தாள். "உன் தம்பியக் கழுவினேன்." அடி. "உன் அக்காவக் கழுவினேன்." அடி. "உன்னைக் கழுவினேன். வாளி வாளியா. இப்ப என் பொண்ண குடுக்கணுமா? என் பையன குடுக்கணுமா?" அடி, அடி, அடி. பை கம்பியில் சுழன்று சுழன்று அவளிடமே திரும்பி வந்தது. வந்தபோதெல்லாம் வாங்கியது. என் அம்மாவின் மெலிந்த கையில் இவ்வளவு பலம் எங்கே இருந்தது? புடவைத் தலைப்பு அவிழ்ந்து தரையில் கிடந்தது. கொட்டாப்புளி குழாயைக் கையில் எடுத்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

கை ஓய்ந்ததும் சுத்தியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நீ அறுத்துப் போட்டுடு. யோசிக்காத. இவங்க வயிறு நமக்கு வேணாம்" என்றாள்.

அந்தக் குழிகளை நான் எடுக்கப்போவதில்லை. அவள் புருஷன். அடிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

டீச்சர் தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுபோய் ரத்தம் கொடுக்கவைத்திருக்கிறாள். இன்று ரிசல்ட்.

அவனுக்கு இல்லை.

இல்லை. சுத்தம். மகளுக்கும் ஒன்றும் வராது. போனில் டீச்சர் அழுதாள், சிரித்தாள், ஏதேதோ சொன்னாள். நான் "நல்லது, நல்லது, ரொம்ப நல்லது" என்றேன். போனை வைத்தேன். குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சுவரை அடித்தேன், ஒரு ஓடு பெயர்ந்து விழுகிற வரைக்கும்.

அவனுக்கா? பொய் சொன்னவனுக்கு? கல்லைத் தின்று செரிக்கிறவனுக்கு? என் வேலையை நசுக்கினவனுக்கா சுத்தமான வயிறு? ஏன்டா உனக்கு? நான் என்னடா பண்ணேன்? உன் ரத்தத்துக்கு நான்தானே நடையா நடந்தேன் – எனக்கு ஏன்டா?

அந்தக் குழந்தைக்கு இல்லை என்று சந்தோஷப்படுகிறேன். உண்மையாகவே. அவனுக்கு இல்லை என்பதற்கு – முடியவில்லை. என்னால் முடியவில்லை. இவ்வளவு அசிங்கமானவளா நான்?

ஏப்ரல் 20, ஞாயிறு

அசிங்கமானவள்தான். அவன் போன் பண்ணினான், எடுக்கவில்லை.

மே 6, செவ்வாய்

ஐந்தையும் மாட்டி முடித்தோம். நசுங்கின ஆறாவதைக் கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டி, பழைய செம்பு வாங்குகிற கடையில் போட்டுவிட்டேன். பொய்யாகிப்போன ஒன்றை வைத்துக்கொண்டிருக்க எனக்கு இடமில்லை.

காட்சி சனிக்கிழமை திறக்கும். ஆபரேஷன் செவ்வாய். என்னுடையதில் 'நான், 35' என்று இன்று வெட்டினேன். செத்த வயது இல்லை அது. எடுத்த வயது.

மே 12, திங்கள்

நாளைக் காலை. பயம். கையெல்லாம் பயம்.

மே 25, ஞாயிறு

பேனா பிடிக்க இன்றுதான் முடிகிறது.

வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மார்புக்குக் கீழிருந்து தொப்புள் தாண்டிக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள். இருமினால் உள்ளே யாரோ என்னைக் கம்பியில் மாட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் குடலுக்குள் கல் விழுந்த மாதிரி. மூன்றாம் நாள் நர்ஸைக் கெட்ட வார்த்தையில் திட்டினேனாம். அவள் "நேத்து இன்னும் நல்லாத் திட்டினீங்க" என்றாள்.

அம்மா பகலில் இங்கே இருப்பதில்லை. எங்கே போகிறாள் என்று டீச்சர்தான் சொன்னாள். காட்சிக்கூடத்துக்கு! தினமும் போய் அப்பாவின் பைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாளாம். வருகிறவர்களிடம், "இந்தக் குழியெல்லாம் நான் அடிச்சது" என்கிறாளாம். நேற்று ஒரு பெண் அம்மாவிடம் குனிந்து, எங்கள் வீட்டிலும் மூன்று பேர் இப்படிப் போனார்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். அம்மா டாக்டரம்மாவின் பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணைக் கையோடு வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாளாம்.

வெள்ளைச் சட்டை ஒன்றும் சொல்லவில்லையாம். அவருக்கும் பயம் இருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

எடுத்ததைச் சோதித்துப் பார்த்த முடிவு வந்தது. டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஐந்து இடத்தில் புற்று தொடங்கியிருந்ததாம். கண்ணுக்குத் தெரியாத அளவு. சுவருக்கு அடியில். வெளியே எங்கும் போகவில்லை.

"இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா?" என்றேன்.

"விடலையே" என்றார்.

எடுத்த இரைப்பையின் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். காட்டினார். தட்டில், வெளிர்ச் சிவப்பாய், ஈரமாய், மடிப்பு மடிப்பாய். நான் அடித்த ஒன்றுகூட அதைப் போல இல்லை. இவ்வளவு மென்மையாக இருந்திருக்கிறது. இதையா இத்தனை மாதமாகக் கொலைகாரன் என்று வைதேன்?

கொலைகாரன்தான். ஆனாலும் அழுதேன். தையல் பிய்ந்துவிடும் போல வலித்தது, அழுகையும் நிற்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தம்பி வந்தான்.

ஆஸ்பத்திரியில் நான் கண்ணை மூடிக்கொண்ட நேரங்களில் வந்துபோயிருக்கிறான் என்று தெரியும். கண்ணைத் திறந்த பிறகு வருவது இதுதான் முதல் தடவை. புருவத்தில் தழும்பு, முடி முளைக்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டான். சட்டை கம்பத்தில் மாட்டின மாதிரி தொங்குகிறது. இரைப்பை இல்லாத நானே பரவாயில்லை.

சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தான். நான் ஒரு அவித்த முட்டையோடு போராடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு முட்டை என்பது இப்போது விருந்து. கடி, மெல்லு, மெல்லு, காத்திரு.

"ரிசல்ட் வந்ததுலேர்ந்து எறங்க மாட்டேங்குது" என்றான். "வாயில வச்சா உன் ஞாபகம் வருது."

"நான் என்ன கசப்பா?"

"வெளையாடாத."

"எனக்கு உன் மேல அவ்வளவு கோவம் இருந்துச்சுடா. உனக்கு இல்லன்னு சொன்னப்ப. செவுத்த அடிச்சேன்."

"தெரியும். அம்மா ஓடு மாத்தச் சொல்லி எனக்குத்தான் போன் பண்ணாங்க." மேசையில் கிடந்த முட்டை ஓட்டை விரலால் ஒதுக்கினான். "இப்ப?"

இப்ப? தேடிப் பார்த்தேன். கட்டுப் பிரித்த பிறகு விரலை மடக்கிப் பார்ப்பது மாதிரி. வலி இருந்தது. கோபம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பசிகூட இல்லை. எனக்குப் பசி என்பதே இப்போது கிடையாது. நேரம் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

மீதி முட்டையை அவன் பக்கம் தள்ளினேன். "என்னால இதுக்கு மேல முடியாது. உனக்குத்தான் வயிறு இருக்கே. தின்னு."

அவன் அதைக் கையில் எடுத்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான். மெல்ல மெல்லக் கண்ணீர் வழிந்தது, ஆனால் நிறுத்தவில்லை, முழுங்கினான். அடுப்பில் இன்னும் இரண்டு முட்டை இருந்தது. எழுந்துபோய் அதையும் எடுத்துவந்து, நின்றபடியே, ஓட்டைச் சரியாக உரிக்காமலேயே சாப்பிட்டான். பிறகு ரொட்டி. பிறகு அம்மா ராத்திரிக்கு வைத்திருந்த குழம்பைச் சட்டியோடு.

"டேய், அம்மாவுக்கு மிச்சம் வைடா" என்று கத்தினேன்.